மார்செய் மீன் சாறு

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மலாயாவில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் இராசாத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் இருளப்பனை ஜப்பான்காரர்கள் நான்கு மாதம் முன்பே சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். பத்தாம் நாள் இராசாத்திக்குப் பால் வற்றிவிட்டது. கிழங்கைக் கண்டாலே குமட்டியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அழகம்மா, சண்டைக்கு முன் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவள். 1937இல் துரை குடும்பம் விடுப்பில் சீமைக்குப் போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளும் கப்பலேறினாள். மார்செய் துறைமுகத்தில் இறங்கி, லியோன், பாரிஸ் என்று ரயிலில் போனார்கள். துரைக்கு நல்ல சாப்பாடு என்றால் பித்து. ஊருக்கு ஊர் பேர்போன சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போவார். லியோனில் பாலாடையில் மிதந்த கோழி; பாரிஸில் சுவரெல்லாம் கண்ணாடி பதித்த கடையில் வாத்துக்கறி. பாதிக்கு மேல் அழகம்மா வாய்க்கு ஒட்டவில்லை. மார்செய் கடையை மட்டும் அவள் மறக்கவே இல்லை.

அந்தக் கடை வாசலில் நின்றவன் அவள் சேலையைப் பார்த்துவிட்டு, ஆயா வெளியே இருக்கட்டும் என்றான். "அவள் உட்கார்ந்தால்தான் நாங்களும் உட்காருவோம்" என்றாள் துரைசானி. மஞ்சளாக ஒரு மீன் சாறு வந்தது. மூன்று வாரம் கப்பலில் வாந்தியெடுத்துக் காய்ந்துபோயிருந்தவள் மூன்று தட்டு குடித்தாள். சமையல்காரருக்கு அதில் ஒரே சந்தோஷம். அவளை அடுக்களைக்கே கூட்டிப்போனார். யாரும் வாங்காத முள்மீன்களைத் தலையோடு வேகவைத்து, இடித்து, துணியில் பிழிந்து காட்டினார். பேச்சு புரியாவிட்டாலும் கை புரிந்தது.

இப்போது இராசாத்தி கிடந்த கிடையைப் பார்த்து அது ஞாபகம் வந்ததும், விடிந்த கையோடு அழகம்மா ஆற்றங்கரைக்கு நடந்தாள். பாக் மான் என்ற மலாய்க்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். நல்ல மீனெல்லாம் ஜப்பான்காரர்களுக்குப் போய்விடும். பொடிமீன்கள் மணலில் கிடந்தன.

"பிள்ள பெத்தவளுக்குப் பால் இல்ல. இத எடுத்துக்கவா?" என்று மலாயில் கேட்டாள்.

"அம்பில்லா! எடுத்துக்க!" என்று அவரே கூடையில் அள்ளிப் போட்டார். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பெரிய மீன் ஒன்றையும் பொடிமீனுக்கு அடியில் செருகினார். பிடிபட்டால் அடியிலேயே உயிர் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அழகம்மா மீனைத் தலையோடு வேகவைத்து, அம்மியில் நசுக்கி, பழைய வேட்டித் துண்டில் பிழிந்தாள். மஞ்சளும் பூண்டும் போட்டுக் கொதிக்கவிட்டாள்.

"மீனு எங்கக்கா? ஒண்ணையும் காணோமே" என்றாள் இராசாத்தி.

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வாயத் தொறலா."

முதல் வாய் விழுங்கியவள் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து நாள் தவறாமல் சாறுதான். நான்காம் நாள் குழந்தை வயிறு நிறையப் பால் குடித்துத் தூங்கியது. அழகம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாக் மான் தினமும் ஒரு கூடை எடுத்து வைத்தார். லயத்தில் மற்ற வீட்டு அடுப்புகளிலும் சாறு கொதித்தது.

"இதுக்கு நான் யாரக் கும்பிடறதுக்கா?" என்று ஒருநாள் கேட்டாள் இராசாத்தி.

"அந்தச் சமையக்காரரு பேரு எனக்குத் தெரியாது. பாக் மான் வீடு தெரியும். நடப்பியா?"

சயாமிலிருந்து சேதி எதுவும் வரவில்லை. ஆனாலும் குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் இராசாத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பினாள். பாக் மானின் மனைவி வாசலுக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்ல "தெரிமா காசே" என்ற இரண்டு மலாய் வார்த்தைதான் இராசாத்திக்கு வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே குழந்தையின் உச்சியில் தேங்காயெண்ணெய் தடவினாள். குழந்தை அவள் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.