வரைபடத்தில் இல்லாத பலகை

அறுவடை முடிந்த சோளக் கொல்லைகள் அடிவானம்வரை மொட்டையாய்க் கிடக்க, வடகாற்று அவற்றின்மேல் தடையின்றி உலவ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசி மாலையொன்று மின்னசோட்டா நிலத்தின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அக்கொல்லைகளின் நடுவே ஒரு கொட்டகையில், தோர்லீவ் பிரெக்கே என்னும் உழவன் தன் கையாலேயே கட்டி, பழைய மகிழுந்தின் பொறியைப் பூட்டிப் பறந்த சிறு வானூர்தி நின்றது. கற்றோரே, 'ஏழையும் பறக்கலாம்' என்று இதழொன்று அதன் வரைபடத்தை வெளியிட்டபோது அவன் கொண்ட செருக்கை நான் குறை கூறேன். ஆனால் அவன் கட்டியது முதலில், வரைந்தது பின்னர். கண்ணுக்குத் தெரிந்ததை அளந்தும், துணிக்குள் மறைந்ததை நினைவிலிருந்தும் எழுதினான். கேடு அங்கேதான் புகுந்தது.

அன்று நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஓட்டோ கிராட்ஸ், அவ்வரைபடத்தைப் பார்த்து ஊர்தி கட்டி, அதிலேயே விழுந்து மாண்ட தன் தம்பியின் ஒடிந்த இறக்கை மரத்தையும், ஆணித்துளை விழுந்த இதழ்த் தாள்களையும் தோர்லீவின்முன் வைத்தான்.

"சண்டைக்கு வரலீங்க. என் தம்பி எங்க தப்பு பண்ணுனான்னு மட்டும் சொல்லுங்க. அவன் பொஞ்சாதி கேட்டுக்கிட்டே இருக்கா."

தோர்லீவ் அளந்தான், மீண்டும் அளந்தான், மரத்தின் அளவு தாளிலிருந்து மயிரிழையும் மாறவில்லை. இறந்தவன்மேல் ஒரு பிழையேனும் கிட்டாதா என்று தேடிய அவன் கண்களைக் காணப் பொறாமல் மனைவி சிக்னே வாய்திறந்தாள்.

"ஏங்க, இறக்கை மரம் கீறல் விட்டப்போ பின்னால ஒரு பலகை வச்சு ஒட்டுனீங்களே? நான்தானே மேல துணி தைச்சேன்."

"அது பழைய இறக்கை. அதைத்தான் எரிச்சுட்டோமே."

"எரிச்சது வாலுங்க."

பலகை இருக்கக்கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டே அவன் கத்தியை எடுத்து, இறக்கைத் துணியில் அவள் தையலை அறுத்தான். பலகை இருந்தது. மூன்றாண்டுகள் அவனை வானில் தாங்கிய அது, ஒட்டு விடாமல், புதிதுபோல் இருந்தது.

"உங்க தம்பி சரியாத்தான் கட்டியிருக்காரு," என்றான் தோர்லீவ். "நான்தான் இத வரையல. இன்னைக்கே இதழுக்கு எழுதுறேன். அடுத்த மாசமே திருத்தம் போட்டுருவாங்க."

ஓட்டோ அத்தாளின் ஆணித்துளையை விரலால் தடவினான்.

"இத கிழிச்சுச் சுவத்துல அடிச்சதோட என் தம்பி இதழ் வாங்குறதையே விட்டுட்டான். படந்தான் கைக்கு வந்துருச்சே, அப்புறம் எதுக்குங்க வாங்கணும்?"

கற்றோரே, பிழைக்குத் திருத்தம் உண்டு. அது போய்ச் சேரும் வழிதான் இல்லை. அந்த மாலையிலும் எங்கோ ஒரு கொட்டகையில், முகமறியா ஒருவன், சுவரிலிருந்த தாளை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, மயிரிழையும் பிசகாமல், இறக்கைக்கு ஒற்றை மரத்தை இழைத்துக்கொண்டிருந்தான்.