வெறும் கேஸ்தானுங்க

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் அந்தத் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது அதுதான் முதல் தடவை. வெங்கடாசலம் கட்டம்போட்ட லுங்கியும் பனியனுமாகத் தன் வீட்டு முன்புறப் புல்லில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சின்மேல் யாரோ நெல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மறந்து போய்விட்டது போலிருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. செத்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பம் மொத்தமும் வாசலில் வந்து நின்று பார்க்கிறதே, ஒரு சட்டையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்றுதான் அந்த நேரத்திலும் தோன்றியது. தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் கையில் ஏதோ ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினார்கள். அடுப்படியைச் சோதித்தார்கள், பேஸ்மெண்டுக்கு இறங்கினார்கள். புல்லில் உட்கார்ந்திருந்த மனிதரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தப்பு புஷ்பவல்லியுடையது. அவள் அதை இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. சாயங்காலம் சோபாவில் சாய்ந்திருந்த கணவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டவும் அவள் அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிட்டாள். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவளுக்கு நெஞ்சில் எது வந்து உட்கார்ந்தாலும் அதன் முதல் பெயர் கேஸ். "கேஸ் ப்ராப்ளம் சார், டூ மச் கேஸ், ப்ளீஸ் கம் ஃபாஸ்ட்" என்றாள். வாசனை ஏதும் வருகிறதா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். இதையெல்லாமா கேட்பார்கள் என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் ஆபத்து நேரத்தில் பொய் சொல்லக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, "லிட்டில்" என்றாள். வீட்டில் இருக்கும் எல்லோரும் உடனே வெளியே போங்கள் என்று உத்தரவு வந்தது. மூச்சு முட்டிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புல்லில் உட்காரவைத்தாள். அப்புறமும் பிடியை விடவில்லை.

அப்புறம் ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இசிஜி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று விடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். இதயம் நன்றாக இருப்பவனுக்கு எதற்கு இப்படி வருகிறது என்று வெங்கடாசலத்துக்குப் புரியவில்லை. அதற்குள் அது மறுபடியும் வந்தது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே காரில் வந்தது, ஆபீஸ் மீட்டிங்கில் வந்தது, இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. யார் கேட்டாலும், "வெறும் கேஸ்தானுங்க" என்றார். கேட்டவர்களும் நிம்மதியாகப் பெருங்காயம், இஞ்சி, சீரகத் தண்ணி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். டர்ன்பைக்கை விட்டுவிட்டு உள்தெருக்களில் சுற்றிச் சுற்றி ஆபீசுக்குப் போகத் தொடங்கினார். அதற்கும் ஒரு காரணம் சொன்னார், அந்த வழியில் மரங்கள் அழகாக இருக்கின்றனவாம்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த டாக்டர் ஜெயலீலா நாகர்கோவில்காரர். எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கேஸ் இல்ல சார். பேனிக் அட்டாக். ஆபத்து வந்தா அடிக்கதுக்கு ஒடம்புக்குள்ள ஒரு மணி உண்டுல்லா, ஒங்களுக்கு அது சும்மாவே அடிக்கு."

"மனசுல ஒரு கவலையும் இல்லீங்களே டாக்டர்."

அது உண்மை. கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருஷங்களில், வேலை போய்விடுமோ என்று தூங்காத காலத்தில், அப்பா இறந்தபோது விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியாமல் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாளில், ஒன்றும் வரவில்லை. எல்லாம் கிடைத்து, வீட்டுக்குப் புது சோபா வாங்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு வந்தது. அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது. காரணம் இருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லலாம்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே பேசுவதற்கு ஒரு தெரபிஸ்ட் பெயரையும் சொன்னார். முதல் வாரம் பாதி, பிறகு முழுசு, காலையில் சாப்பாட்டுக்கு அப்புறம். போடுவதும் போடாததும் உங்கள் முடிவு, யோசித்துச் செய்யுங்கள் என்றார்.

"எத்தனை நாளைக்குங்க?"

"கொறஞ்சது ஒரு வருசம்னு வச்சிக்கிடுங்க. பொறவு பாத்துக் கொறைக்கலாம்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்த மனிதருக்கு ஒரு வருஷம் என்றால் எப்படி இருக்கும்? கொலஸ்ட்ராலுக்கு அவர் தினம் ஒரு மாத்திரை போடுகிறார், அதை விருந்தாளிகளுக்கு முன்னால் பெருமையாகவே போடுவார். அதெல்லாம் உழைத்துச் சாப்பிட்ட ஆளின் அடையாளம். இது அப்படியா? தலைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்று ஊரில் ஒருத்தனைச் சொல்லிவிட்டால் அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதைப் புஷ்பவல்லியிடம்கூட அவர் சொல்லவில்லை. மாத்திரை போட்டு அந்தப் பயம் போய்விட்டால், கூடவே தானும் போய்விடுவோமோ, மிச்சம் இருப்பது வேறு யாரோவாக இருக்குமோ என்ற பயம். மாத்திரை டப்பாவை வாங்கி வந்து, குளிர்காலத் தொப்பிகளுக்குப் பின்னால், அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தார்.

புஷ்பவல்லி கேட்கும்போதெல்லாம் நாள் பார்த்தார். மருந்துண்ண நல்ல நாள் என்று பஞ்சாங்கத்தில் தனியாகவே போட்டிருக்கிறது என்பதை அவர் கண்டுபிடித்தது அந்த மாதத்தில்தான். கல்யாணத்துக்கே ராகு காலம் பார்க்காத மனிதர், ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டருக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை ஆகாது, கரிநாள் ஆகாது, வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக இருந்து அஷ்டமி வந்து கெடுத்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"ஏனுங்க, அந்தக் காலண்டர்ல இருக்கறது ஊரு அஷ்டமிங்க. அங்க அது முடிஞ்சே போச்சு. நீங்க எந்த ஊரு அஷ்டமிக்குப் பயப்படறீங்க?" என்றாள் புஷ்பவல்லி.

அவர் குனிந்து தோசையைப் பிய்த்தார். அவளும் அதற்குமேல் துளைக்கவில்லை. தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டுப் போனாள். மாத்திரை விஷயத்தில் அவளுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது என்பது அந்தத் தோசையில் தெரிந்தது.

மகள் ஓவியாவுக்கு அப்போதுதான் வண்டி ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட் வந்திருந்தது. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை அவள் பிறந்த நாளிலிருந்தே வெங்கடாசலம் தன் கடமையாக எழுதிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரூட் ஒன் சாலையில் மூடிப்போன ஒரு கடையின் பெரிய பார்க்கிங்குக்கு இருவரும் போனார்கள். அவள் நன்றாகவே ஓட்டினாள். அவரைவிட நிதானம், ஒவ்வொரு கோட்டையும் மதித்தாள். மூன்றாவது சுற்றில், எந்தக் காரணமும் இல்லாமல், அவருக்கு அது வந்தது. கதவுப் பிடியை இறுகப் பற்றினார். காற்றெல்லாம் எங்கோ போய்விட்டது.

ஓவியா அலறவில்லை. காரைக் கோட்டுக்குள் சரியாக நிறுத்தி, இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டாள்.

"அப்பா, லுக் அவுட்சைட். வாட் டூ யூ சீ? தமிழ்ல சொல்லு."

"கண்ணு... முடியல சாமி..."

"யூ கேன். ஒண்ணு சொல்லு."

"மரம்."

"மரம். நெக்ஸ்ட்?"

"வண்டி... அந்தத் தள்ளுவண்டி. அப்புறம்... வாத்து."

பார்க்கிங் முழுக்கக் கனடா வாத்துகள் எச்சம் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தன. "வாத்தூ" என்றாள் ஓவியா, கடைசி எழுத்தை இழுத்து. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் ஒவ்வொன்றையும் தப்பாகத் திருப்பிச் சொன்னாள். சருகு. கம்பம். மேகம். ஒரு வாத்து முறைக்கிறது. முறைக்கிறது என்பதற்கு அர்த்தம் தெரியாமல் அவள் கேட்க, அவர் முறைத்துக் காட்ட, அதற்குள் மூச்சு திரும்பி வந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் எங்க கண்ணு கத்துக்கிட்டே?"

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, பிசகில்லாத தமிழில், "எனக்கும் கேஸ் இருக்கு அப்பா" என்றாள்.

ஓமத்தண்ணி குடிச்சியா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். பாதியில் அவருக்கு விளங்கியது. அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"எப்ப இருந்து சாமி?"

"லாஸ்ட் இயர். ஃபர்ஸ்ட் பயாலஜி டெஸ்ட்ல. அப்புறம் ஸ்கூல் பஸ்ல. அப்புறம் சும்மாவே. ஸ்கூல் கவுன்சிலர்தான் இந்தக் கேம் சொல்லிக் குடுத்தாங்க. அம்மாகிட்ட செஸ்ட் ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னேன். ஓமத்தண்ணி குடுத்தாங்க."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன், பாத்தா நீ மாத்திரைய தொப்பிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்க. ஸோ ஐ தாட், இட்ஸ் சம்திங் பேட்."

வெங்கடாசலத்துக்கு அழுகை வந்தது. மகள் முன்னால் அவர் அழுததில்லை, ஆனால் அன்று மறைக்கவும் தோன்றவில்லை. ஒரு வருஷமாக இந்தப் பிள்ளை அடுத்த அறையில் அதே மூட்டையைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அவர் ஒளித்தார், அவளும் ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். கார் ஓட்டுவதைத்தான் தன்னிடமிருந்து கற்றுக்கொள்வாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லாத. ஷீ வில் கால் 911 அகெய்ன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லோணும். எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்றார் வெங்கடாசலம்.

மறுநாள் காலையில் மாத்திரை டப்பா சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஊறுகாய் ஜாடிக்கும் உப்புக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு, இட்லியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார். புஷ்பவல்லி டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் காய் நறுக்கும் பலகையையும் கத்தியையும் எடுத்து வந்தாள். பள்ளிக்குக் கிளம்பி நின்ற ஓவியா பையைக் கழற்றாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்து வெட்டு புள்ள."

"பூசணிக்காயே வெட்டறேன், இது முடியாதுங்களா?"

அழுத்தினாள். மாத்திரை சரிபாதியாகத்தான் உடைந்தது. ஆனால் ஒரு பாதி பலகையிலிருந்து துள்ளி, தரையில் உருண்டு, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. "அய்யோ!" என்று புஷ்பவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். ஓவியா போன் விளக்கைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தாள். அதோ இருக்கிறது என்றாள் ஒருத்தி, அது உளுந்து என்றாள் மற்றவள். ஒரு ஹேர்பின் வந்தது, ஒரு காந்தப் பொம்மை வந்தது, என்றோ தொலைந்த இஞ்சித் துண்டு காய்ந்து சுக்காகி வந்தது. நல்ல காரியத்துக்குத் தொடக்கமே இப்படியா என்று புஷ்பவல்லி புலம்பினாள்.

இன்னொரு பாதி பலகையிலேயே இருந்தது. தாயும் மகளும் அதை மறந்தே போயிருந்தார்கள்.

வெங்கடாசலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு வேகமாகத்தான் அடித்தது, அந்தப் பயம் எங்கும் போய்விடவில்லை. தரையில் தெரிந்த இரண்டு ஜோடிப் பாதங்களையும் பார்த்தார், ஒன்று மெட்டி போட்டது, மற்றது காலுக்கொரு நிறத்தில் காலுறை போட்டது. இந்த இரண்டு பேரையும் இவ்வளவு நேசிக்கிற ஆள் ஒரு அரை மாத்திரையில் காணாமல் போய்விடமாட்டான் என்று தோன்றியது. எடுத்து வாயில் போட்டு, டம்ளர் தண்ணீரைக் குடித்தார். லேசாகக் கசந்தது.

"நான் போட்டுக்கிட்டேன்" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, மகளுக்கு அந்தப் பக்கமாகக் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, தன் போன் விளக்கையும் போட்டார். ஓவியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நானும் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு" என்றாள் புஷ்பவல்லி, தோள் வரைக்கும் கையை ஃபிரிட்ஜுக்கு அடியில் விட்டுத் துழாவியபடி. "தேடிக்கிட்டேதான் கேக்கறேன்."