அவள் கத்தவில்லை

போலீஸ் ஸ்டேஷனில் அவரை 'வசனகர்த்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். புகார்களை எழுதியெடுக்கும் ரைட்டர் வேலையில் இருபத்திரண்டு வருடம். யார் எதைச் சொன்னாலும் அவர் விரலில் உப்புக்காரம் சேர்ந்துதான் இறங்கும். பலாத்காரப் புகார் என்றால் கேட்கவே வேண்டாம். 'கூச்சலிட்டேன், என்னால் முடிந்தவரை போராடினேன்' என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்துவிடுவார். அது இல்லாமல் கேஸ் நிற்காது என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணமில்லை. நல்லது செய்வதாகவே நினைத்திருந்தார்.

அன்று காலை வந்தவள் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். புகார், பயிற்சிப் பள்ளி முதலாளி மேல். கதவைச் சாத்திக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா கேட்கக் கேட்க, ரைட்டர் கம்ப்யூட்டரில் அடித்தார். அவளுடைய அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அச்செடுத்தபோது நான்கு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். யாரும் படிப்பதில்லை.

இவள் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"சார், கத்தினேன்னு போட்டிருக்கீங்க. நான் கத்தல."

"இருக்கட்டும்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"போராடவும் இல்ல."

அக்கா அவள் முழங்கையை இடித்தாள். "ஏன்டி, அவரே பாத்து எழுதியிருக்காரு. உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத. கத்தலன்னா ஒத்துக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க."

"வேணாம்னு ரெண்டு தடவை சொன்னேன்க்கா. கதவு பூட்டியிருந்துச்சு, சாவி அவன் பையில. அப்புறம் வாய் வரல. பாடம் நடத்துற ரோடு சிக்னல் படம் சுவத்துல இருக்கு, அதையே பாத்துட்டிருந்தேன். பக்கத்து ரூம்ல ஒருத்தரு ஃபைல் அடுக்கிட்டிருந்தாரு. கத்தினேன்னு எழுதிட்டு, நாளைக்கு அவரு வந்து ஒண்ணும் கேக்கலன்னு சொன்னா? மொத்தமும் பொய்யின்னு ஆயிடாதா?"

ரைட்டருக்கு ஒரு பழைய கேஸ் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிடங்கில் நடந்த பலாத்காரம்; அதிலும் கூச்சலிட்டேன் என்று அவர்தான் சேர்த்திருந்தார். சத்தமே கேட்கவில்லை என்று காவலாளி கோர்ட்டில் சொன்னான். அவன் உண்மையைத்தான் சொன்னான். குற்றவாளி விடுதலையாகி, சட்டையை உதறிக்கொண்டு வெளியே போனான். அந்தப் பெண்ணுக்கு நேரம் சரியில்லை என்று ரைட்டர் அன்று டீக்கடையில் சொல்லித் திரிந்தார். தோற்றது இந்த வரியால்தான்.

"எதிர்க்காதது சம்மதம் ஆகாதுன்னு சட்டத்துலயே இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா அக்காவிடம். பிறகு திரும்பி, "உங்களுக்குத் தெரியாதா வசனகர்த்தா?"

"தெரியும்மா." தெரியும். நம்பியதில்லை.

வரியை அழித்தார். 'பயத்தால் வாய் வரவில்லை' என்று அடித்து, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார்.

"பயம்னு நான் சொல்லல சார். ஏன் வரலன்னு எனக்குத் தெரியல."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் முன்னால் உட்கார்ந்த எல்லோரும், அவரையும் சேர்த்து, ஏதாவது கூட்டிச் சொன்னவர்கள்தான். தனக்குச் சாதகமான வரியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மலையடியில் நிற்பவன் போல அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

'ஏன் என்று எனக்குத் தெரியவில்லை' என்று அடித்தார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் அடித்ததே இல்லை.

அவள் முழுதும் படித்துக் கையெழுத்துப் போட்டாள். அக்கா பெருமூச்சு விட்டாள்.

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சார். ஒரு பொய்கூட உருப்படியா சொல்லத் தெரியாது."

ரைட்டர் காகிதங்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு வசனமும் வரவில்லை.