கிளிக்கு எழுதிய பதில்

இரட்டைப் பெண்கள் பிறந்தபோது வேலையை விட்டவள், அவர்கள் நான்காம் வகுப்புக்குப் போன பிறகுதான் மறுபடியும் ஒரு அலுவலகத்தின் படியேறினாள். டயர் கடைக்கு மேலே இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் அது. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே ஆறு பேர். கடைகள், மருத்துவமனைகள், சின்ன அலுவலகங்கள் தங்களுக்கு வரும் மின்னஞ்சல்களைப் பலர் சேர்ந்து படித்துப் பதில் போட ஒரு மென்பொருள் செய்து விற்றார்கள்.

அவளை விண்ணப்பிக்க வைத்ததே நாத்தனார்தான். கணவனின் தங்கை. சலவைக் கடையில் காலை வேலை பார்ப்பவள், மதியத்துக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து வைத்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டாள். அது சும்மா சொன்னது. விடியற்காலையிலிருந்து இஸ்திரிப் பெட்டியோடு நின்றவளுக்கு மதியத்துக்கு மேல் தேவைப்பட்டது படுக்கைதான். ஆனாலும் ஒரு நாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை.

தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். முதல் மாதமே பெரிய வேலை ஒன்று அவள் தலையில் விழுந்தது. ஒரே விஷயத்தைப் பற்றிப் போய்வரும் மின்னஞ்சல்களை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து, ஓர் உரையாடலாகக் காட்டும் பகுதியை அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும்.

"அப்படின்னா என்ன அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார், சாப்பாட்டு மேசையில்.

"ஒவ்வொரு மெயிலுக்கும் தனியா ஒரு நம்பர் இருக்கும். நீ ஒரு மெயிலுக்குப் பதில் போட்டா, எந்த மெயிலுக்குப் பதில்னு அந்த நம்பரையும் சேர்த்து எழுதிக்கிட்டுதான் போகும். அதை வச்சு இது அப்பா, இது பிள்ளைன்னு முடிச்சுப் போட்டு மரம் மாதிரி கட்டணும்."

"பிள்ளைக்கு அப்பா பேர் மட்டும்தான் தெரியுமா? பெத்தவ எங்க போனா?"

"அவ வேலைக்குப் போயிட்டா" என்றாள் இவள். இரண்டு பேரும் சிரித்ததில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

அலுவலகத்தில் அவ்வளவு சிரிப்பு இல்லை. அவள் எழுதும் கணினி நிரலைப் படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டியவருக்கு மற்றவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஐம்பதைத் தொடும் வயது. அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் நிரலின் ஓரத்தில் குறிப்பாக எழுதிவிடுவார். அவள் பார்த்துப் பார்த்து எழுதி அனுப்பினால், மறுநாள் காலையில் பக்கம் முழுக்கக் குறிப்பாகத் திரும்பி வரும். 'பிள்ளை முதலில் வந்து அப்பா பிறகு வந்தால்?' 'இரண்டு மடலும் ஒன்றையொன்று அப்பா என்று சொன்னால் இந்தச் சுழற்சி எப்போது நிற்கும்?' 'இந்தப் பெயர் எனக்குப் புரிகிறது. ஆறு மாதம் கழித்து உங்களுக்குப் புரியுமா?'

எட்டு, ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால்தான் இந்த மனிதர் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடுகிறார் என்று அவள் நினைத்தாள். கழிப்பறையில் போய் இரண்டு முறை அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு குறிப்பையும் சரிசெய்தாள். பிடிக்காவிட்டாலும் குறிப்புகளில் குறை சொல்ல முடியவில்லை.

ஒரு குறிப்பை மட்டும் அவள் சரிசெய்யவில்லை. ஒரு பதில் வருகிறது, அது எந்த மடலுக்குப் பதிலோ அந்த மடல் பெட்டியில் இல்லை, யாரோ அழித்துவிட்டார்கள். அப்போது அந்தப் பதிலை எங்கே சேர்ப்பது? அதே தலைப்புள்ள கடைசி உரையாடலின் கீழ் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். அந்த வரியின் ஓரத்தில் பூதக்கண்ணாடி எழுதினார்: 'இது ஊகம். தலைப்பு ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா?'

மறுநாளே அவருடைய அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து, அவர் விடுப்பில் போய்விட்டார். முதலாளிக்கு அவசரம். அவளைவிடப் பத்து வயது சின்னவன், எதற்கெடுத்தாலும் 'சின்ன விஷயம்தானே' என்பவன். "அக்கா, எல்லாம் முடிஞ்ச மாதிரிதானே இருக்கு? நானே பார்த்து ஓகே பண்றேன், வெளியிட்டுடலாம்" என்றான். மிச்சமிருந்த அந்தக் குறிப்புக்குக் கீழே 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதி மூடினாள். உள்ளுக்குள் கொஞ்சம் வீம்பும் இருந்தது. இந்த ஒரு தடவையாவது அவர் கண்ணாடிக்குத் தப்பிக்கட்டுமே.

அடுத்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நாய், பூனை, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பாளர். நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் அந்த மருத்துவமனைதான்.

"மேடம், உங்க சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன குழப்பம். ஒரு கிளிக்குப் பல்லுப் பிடுங்கணும்னு எங்க டாக்டர் மெயில் போட்டுட்டாரு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. வரவேற்பாளர் பொறுமையாகச் சொன்னார். ஒரு கிழட்டு நாய்க்குப் பல் எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு கிளிக்கு நகம் வெட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களும் 'நேரம் மாற்ற முடியுமா' என்ற தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையில் பழைய மடல்களை அவ்வப்போது அழித்துவிடுவார்கள். கிளிக்காரரின் மடல், தன் அப்பா மடல் அழிந்துபோனதால், நாயின் உரையாடலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. இளைய டாக்டர் அவசரத்தில் கடைசி மடலைப் பார்த்து, 'பல் எடுக்கும் முன் இரவெல்லாம் உணவு கொடுக்காதீர்கள்' என்று கிளிக்காரருக்கே பதில் போட்டுவிட்டார்.

"அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, 'அம்மா, என் கிளிக்குப் பல்லே இல்லையே, எதைப் பிடுங்குவீங்க'ன்னு கேக்குறாரு. நல்லவேளை, கேட்டாரு. கிளியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டா தாங்காது."

அவள் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டாள். "இதே மாதிரி வேற ஏதாவது..." என்று மென்று விழுங்கினாள்.

"இருக்கு. நான் ஒவ்வொண்ணாப் பார்த்துக் குறிச்சு வைக்கிறேன். நீங்க பதறாதீங்க."

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அந்தக் குறிப்பை மூடியது தான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவன் முதல் முறையாக 'சின்ன விஷயம்தானே' என்று சொல்லவில்லை. "ஓகே பண்ணது நான்" என்றான்.

மறுநாள் பூதக்கண்ணாடி விடுப்பு முடிந்து வந்தார். அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். 'நான்தான் எழுதினேனே' என்று அவர் சொல்லியிருந்தால் அதில் தப்பே இல்லை. அவரோ திரையைப் பார்த்து, "சரி, அந்த அப்பா மடல் இல்லேன்னா நமக்கு என்னதான் தெரியும்?" என்று கேட்டார்.

"அதோட நம்பர் தெரியும்."

"அவ்வளவுதானே தெரியும். அப்ப அவ்வளவை மட்டும் வச்சுக்கலாம்."

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். இல்லாத மடலுக்காக வெறும் எண்ணை மட்டும் தாங்கிய ஒரு வெற்றுக் கணு, மரத்தில் ஒரு காலியிடம். அதற்குப் பதிலாக வந்தவையெல்லாம் அதன் கீழேயே நிற்கும், வேறு யார் வீட்டுக்கும் போகாது. அந்த மடல் பிறகு எப்போதாவது வந்து சேர்ந்தால், தன் இடத்தில் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். வராவிட்டால் 'இந்த மடல் இங்கே இல்லை' என்று ஒரு வரி தெரியும். எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்து வெளியே போனது. அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார்.

ஏற்கெனவே கலந்துபோனவற்றைப் பிரிக்க அவளே மருத்துவமனைக்குப் போனாள். தொலைபேசியில் பேசிய வரவேற்பாளர், நரைத்த கொண்டையும் சட்டைப்பையில் நாய் பிஸ்கட்டுமாக ஒரு பெண்மணி. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே, "முதல்ல உட்காருங்க, டீ குடிங்க. கிளி நல்லாத்தான் இருக்கு, இப்பதான் வந்து என் பேனாவைக் கடிச்சுட்டுப் போச்சு" என்றார். கலந்துபோன உரையாடல்கள் ஒவ்வொன்றையும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடி, எது யாருடையது என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கேட்காமலே செய்த வேலை.

பிரித்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிளம்பும் முன், "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டாள்.

பெண்மணி கொஞ்சம் யோசித்தார். "இது உங்க தப்பு இல்லைம்மா. ஆனா கேட்டதால சொல்றேன். நிறையப் பேரு புதுசா மெயில் எழுதமாட்டாங்க. எங்க அட்ரஸைத் தேடணும்ல. ஏதாவது பழைய மெயிலைத் தொறந்து, பதில்னு அமுக்கி எழுதிடுவாங்க. போன மாசம் ஒருத்தரு, ரெண்டு வருஷத்துக்கு முந்தின தடுப்பூசி மெயிலுக்குக் கீழ, எங்க பூனை போயிடுச்சுன்னு எழுதியிருந்தாரு. தடுப்பூசி விஷயம்தானேன்னு அதை ரெண்டு நாள் யாரும் தொறக்கல. அவருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல ரெண்டு நாள் ஆச்சு."

கணக்குப்படி அந்த முடிச்சு சரி. பதில் என்று அமுக்கினார், பதிலாக வந்தது. ஆனால் மனிதர் சொல்ல வந்தது வேறு. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இயந்திரத்துக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றைப் படிக்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் வேண்டும்.

அதை எழுதினாள். எந்த மடலின் மேலும் 'இங்கிருந்து பிரி' என்று ஒரு பொத்தான். அமுக்கினால் அந்தக் கணுவும் அதன் கீழே உள்ளவையும் தனி உரையாடலாகி, புதிதாக வந்தவற்றோடு மேலே போய் நிற்கும். பூதக்கண்ணாடிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் ஒரே ஒரு குறிப்பு வந்தது. 'அடுத்த பதில் வரும்போது, மனிதர் வெட்டியதை நிரல் மறுபடி ஒட்டிவிடாமல் பார்க்கவும்.' அதற்குக் கீழே, 'மற்றபடி நன்றாக இருக்கிறது.'

அவள் அவர் மேசைக்கு எழுந்து போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். பக்கத்தில் போய் நின்றதும், இத்தனை நாளில் ஒன்றைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

"சார், அப்பா எப்படி இருக்காங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அலுவலகத்தில் வேறு யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. "தேறிட்டாரு. வாசல் வரைக்கும் நடக்கிறாரு." அவரே தொடர்ந்தார். "ஆஸ்பத்திரில உட்கார்ந்தா பொழுதே போகாது. கண்டதையும் நினைக்கத் தோணும். நீங்க எழுதின புரோகிராமைத்தான் ஃபோன்ல படிச்சுட்டு இருந்தேன். தெளிவா இருந்துச்சு. மனசுக்கு ஒரு பிடிப்பா இருந்துச்சு."

அவள் திகைத்துப்போனாள். "அவ்வளவு குறிப்பு எழுதுறீங்களே சார். என் வேலை உங்களுக்குப் பிடிக்கலேன்னு நினைச்சேன்."

"பிடிக்கலேன்னா எதுக்குக் குறிப்பு? தூக்கிப் போட்டுட்டு வேற எழுதுங்கன்னு சொல்லிடுவேன்" என்றார் அவர், இது தெரியாதா என்பதுபோல.

"ரொம்ப நன்றி சார்."

"ம்" என்று சொல்லித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் காது மடல் சிவந்திருந்தது.

அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கால்களையும் நீட்டியிருந்தாள். ஒரு பக்கம் ஒருத்தி கணக்குப் போட, மறுபக்கம் இன்னொருத்தி அத்தையின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. இத்தனை மாதமாக அந்தப் பாதங்களைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. கைப்பையை வைத்துவிட்டு, வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, அகலமான பாத்திரத்தில் ஊற்றிக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"என்ன அண்ணி இது?"

"காலை வை. உனக்கு நான் எப்பவாச்சும் நன்றி சொல்லியிருக்கேனா?"

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், வேலை போயிடுச்சா?"

"இல்ல. இன்னிக்கு நிரந்தரம் பண்ணிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு நன்றியெல்லாம்? பயமுறுத்தாதீங்க" என்று சொன்னாலும் காலை வெந்நீரில் வைத்தாள். சூடு ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இனிமே வாரத்துல ரெண்டு நாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டு நாள் நீ நேரா உன் வீட்டுக்குப் போய்த் தூங்கு."

"ரெண்டு நாளும் இதுங்களைப் பார்க்காம என்ன பண்றதாம்?" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமலே. பிறகு, "ஒரு நாள் தூங்கிக்கிறேன். ஒரு நாள் வரேன்" என்றாள்.

அவள் சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள்.