வளையம் இருந்த படித்துறை

பெரிய தட்டில் கொட்டிய சிவந்த சோற்றின் நடுவே மீனையும் மரவள்ளிக்கிழங்கையும் ரொக்காயா அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரை வண்டி நின்றது. மசம்பாவின் வண்டிதான் என்பது பார்க்காமலே தெரிந்தது. சோறு இறக்குகிற நேரத்துக்கு இந்த வாசலில் நின்று நின்று அந்தக் குதிரைக்கே பழகிவிட்டது. ஆனால் இன்று வண்டியிலிருந்து இன்னொரு ஜோடிக் கால்களும் இறங்கின. ரொக்காயா கையைத் துடைத்துக்கொண்டு கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஒரு துபாப் பெண். வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கழுத்தில் காமிரா இல்லை.

சேன் லூயி தீவுக்கு வருகிற துபாப்களை ரொக்காயா இத்தனை வருடமும் கவனித்து வகை பிரித்து வைத்திருந்தாள். மரத்தாலான பால்கனியை அண்ணாந்து பார்க்கிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. கூரையையும் சுவர் விரிசலையும் பார்க்கிறவர்கள் விலைக்கு வந்தவர்கள். அவர்களிடம் இரண்டு தடவை இல்லை என்று சொன்னால் போதும். மூன்றாவது வகை, தரையைப் பார்க்கிறவர்கள். பக்கத்து வீட்டு ஆவாவிடம் அப்படி ஒருவன் வந்தான். முற்றத்தில் ஓடு பாவிய ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றான், கண் கலங்கினான், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். தன் கொள்ளுத்தாத்தா பெயருக்கு எங்கோ ஒரு பழைய பத்திரம் கிடைத்ததென்று அடுத்த வருடமே வக்கீலோடு திரும்பி வந்தான். ஆவா இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் இருக்கிறாள். அவள் வீடு ஓட்டலாகிவிட்டது. அவள் துணி துவைத்த படித்துறையில் குடை விரித்து நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

வந்தவள் பால்கனியைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்தாள். நடுவில் தேய்ந்து குழிந்திருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை வைத்தாள்.

மூன்றாவது வகை என்று ரொக்காயா முடிவு கட்டினாள்.

“ஏ ஜோப் வீட்டம்மா!” என்று மசம்பா வாசலிலிருந்தே கத்தினான். “சோறு மிச்சமிருக்கா, இல்ல வழிச்சு முழுங்கியாச்சா? ஜோப் குலத்துக்குச் சோத்தக் கண்டா பெத்த பிள்ளையக்கூட அடையாளம் தெரியாதே!”

“வாடா நிஜாய். எங்க பாட்டன் வாங்கிப்போட்ட அடிமை நீ. உனக்குன்னு சட்டியில காந்தல் எடுத்து வச்சிருக்கேன்.”

ஜோப் குலத்துக்கும் நிஜாய் குலத்துக்கும் இந்த ஏச்சு பரம்பரை உரிமை. எதிரே கண்டால் திட்டிக்கொள்ளாமல் போவதுதான் மரியாதைக் குறைவு. முதல்முறை கேட்கிற துபாப்கள் அடிமை என்ற சொல்லுக்கு முகம் வெளுத்துப்போவார்கள். இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் ரொக்காயா மனதில் குறித்து வைத்துக்கொண்டாள்.

“மதாம் பேரு எலியான். பிரான்ஸ்ல போர்தோவுலேர்ந்து வந்திருக்காங்க. நேரா இந்தத் தெருவுக்குத்தான் போகச் சொன்னாங்க,” என்றான் மசம்பா.

எதற்கு வந்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. தட்டில் சோறு இருக்கும்போது வாசலுக்கு வந்தவரிடம் அதைக் கேட்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை. முதலில் கை நனைக்க வேண்டும், பிறகு தேநீர், அதற்குப் பிறகு அவர்களாகச் சொன்னால் உண்டு. ரொக்காயா கதவை அகலத் திறந்தாள்.

பாய் விரித்துத் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நான்காவது ஆள் நாத்தனார் மாரெம். அண்ணன் செத்த பிறகும் அண்ணன் வீட்டை அதிகாரம் பண்ணுவதில் குறை வைக்காதவள். நல்ல மனசுதான், ஆனால் வாயில் தாழ்ப்பாள் கிடையாது. ரொக்காயா கரண்டி எடுக்க எழுந்தாள். எலியான் வேண்டாம் என்று தலையசைத்து, ஒரு காலை மடக்கி, வலது கையால் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் உருட்டினாள். நடுவில் கை போகவில்லை. ரொக்காயா மீனைப் பிய்த்து அவள் பக்கம் போட்டபோது, அதில் பாதியை எடுத்து மாரெம் பக்கம் நகர்த்தினாள்.

“அட! யாரு மதாம் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?” என்று மாரெம் பூரித்துப்போனாள்.

“எங்கம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ரொக்காயா முதலில் நினைத்தாள். தலைநகர் டாக்காரிலிருக்கும் கொழுந்தன் வீட்டை விற்றுவிட வேண்டுமென்று வருடக்கணக்காகச் சொல்கிறான், அவன் வேலையாக இருக்கும். ஆனால் சோறு உருட்டுகிற விரலை ஒருவர் சொல்லி இன்னொருவர் பழக முடியுமா? அது சின்ன வயசில் வந்தால்தான் வரும்.

“முற்றத்துக்குக் கீழ மழைத்தண்ணித் தொட்டி இன்னும் இருக்கா?” என்று எலியான் கேட்டாள்.

“இல்லாம? மூடியத் தூக்கத்தான் ஆளில்ல,” என்றாள் மாரெம். “எங்கப்பா வாங்கும்போது அதுல மீன் நீந்துமாம். வித்தவங்க துபாப் ரத்தம் கலந்த கலப்புக்காரக் குடும்பம், மதாம். மாதா கோயிலுக்குப் போறவங்க, தங்கமான மனுஷங்க. பிரான்ஸ் போற அவசரத்துல கோலாக் கொட்டைய உடைச்சுப் பங்கு வச்சு, நாலு பேர் முன்னால வாய்ச்சொல்லா முடிச்சாங்க. ஒரு கடுதாசிகூட…”

“மாரெம், தேத்தண்ணி பொங்குது பாரு.”

“அடுப்பே இன்னும் பத்த வைக்கலையே அண்ணி?”

மசம்பா காந்தலைக் கடித்தபடி ரொக்காயாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கடுதாசி இல்லை என்பதை மாரெம் சொல்லிவிட்டாளே என்று ரொக்காயாவுக்கு இருந்தது. மாமனார் வாங்கிய வீடு இது. கோலாக் கொட்டை தின்ற நாலு பேரும் மண்ணுக்குள் போயாயிற்று. மாமனாரும் போய், புருஷனும் போய், மிச்சமிருப்பது இந்தச் சுவர்களும் தானும்தான். இது யார் வீடு என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுதான் உண்டு: வீட்டுக்குப் பின்னால், பெரிய ஆற்றில், இந்த வீட்டுக்குரிய படித்துறை. பிள்ளை பிறந்தாலும், பெண் புகுந்த வீட்டுக்கு வந்தாலும், தூரம் போனவர் திரும்பினாலும் தண்ணீருக்குள் குடியிருக்கும் ஆற்றுக்காரி, மாம் கும்பா பாங் என்னும் தேவதைக்குத் தயிர்ப்பால் ஊற்றுவார்கள். தொழுகிறவர்களும் ஊற்றுவார்கள், சிலுவை போட்டவர்களும் ஊற்றுவார்கள். பழைய வீடு ஒவ்வொன்றுக்கும் தனித் துறை. எந்தத் துறையில் யார் ஊற்றுகிறாள் என்பதைக் கரை முழுக்கப் பார்க்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரொக்காயா தன் துறையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பத்திரமில்லாத வீட்டுக்கு அந்தப் படிக்கட்டே பத்திரம்.

முதல் தேநீர் கசப்பாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் இனித்தது. மூன்றாவது கொதிக்கும்போது எலியான் பையைத் திறந்து ஒரு சிறு சுரைக்குடுவையை வெளியே எடுத்தாள். வாய் துணியால் கட்டியிருந்தது. புளித்த பால் வாசம் முற்றத்தில் பரவியது.

“எங்கம்மா போன வருஷம் தவறிட்டாங்க. ஒதீல் லெஸ்கூர்னு பேரு. இந்த மாடியிலதான் பொறந்தாங்க,” என்றாள். பிறகு சங்கடத்தோடு, “அவங்க திரும்பி வரவேயில்ல. அவங்களுக்காகப் பால் ஊத்தணும். இந்த வீடு எந்தத் துறையில ஊத்தும்?”

மாரெம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். ரொக்காயா எழுந்தாள். “நான் கூட்டிட்டுப் போறேன். மாரெம், நீ தேத்தண்ணியப் பாத்துக்க.”

விற்றவர்கள் பெயர் லெஸ்கூர். மறக்கக்கூடிய பெயரா அது? அழுகிறவர்கள்தான் வக்கீலோடு வருவார்கள் என்று ஆவா சொன்னது காதிலேயே இருந்தது. இன்றைக்குப் பால் ஊற்றினேன் என்று இவள் நாளைக்குச் சொன்னால், ஆமாம் பார்த்தோம் என்று சொல்லக் கரையில் ஆள் இருப்பார்கள்.

பின்வாசல் சந்து ஆற்றங்கரையில் போய் முடிந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டியவள் வலது பக்கம் திரும்பினாள்.

“ஏ ஜோப்,” என்றான் பின்னால் வந்த மசம்பா. “சோத்து மயக்கத்துல வழி…”

“நிஜாய், உன் குதிரை கயித்தக் கடிக்குதான்னு பாரு.”

குதிரை அங்கே இல்லை, அது முன்வாசலில் நின்றது. மசம்பா நின்று அவள் முகத்தைப் பார்த்தான். முப்பது வருடப் பழக்கத்தில் முதல்முறையாகத் திட்டாமல் அவர்களுக்குப் பின்னால் நடந்தான்.

ஆவாவின் வீடாயிருந்த ஓட்டலின் படித்துறையில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. மடக்கிய குடைகள் சுவரில் சாய்ந்திருந்தன. எலியான் படி படியாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று கல் சுவரைத் தடவினாள்.

“படகு கட்ற இரும்பு வளையம் இருக்கும்னு அம்மா சொல்வாங்க. அதுல தொங்கி விளையாடி அடி வாங்குவாங்களாம்.”

“துரு தின்னுடுச்சு மதாம். ஆத்தோரத்துல இரும்பு நிக்குமா?”

எலியான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அந்தப் பார்வையிலிருந்து எடுக்க முடியவில்லை. சுவரில் இரும்பு இருந்த ஓட்டைகூட இல்லை என்பது ரொக்காயாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

எலியான் குனிந்தாள். தாயின் பெயரைத் தண்ணீரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பாலைச் சாய்த்தாள். வெள்ளை கட்டி கட்டியாக விழுந்து, மூழ்கி, மேலே வந்து பரவியது. பாதியில் சட்டென்று கையை நிமிர்த்தினாள்.

“தப்புப் பண்ணிட்டேன்,” என்றாள். “வீட்டுக்காரங்கதான் முதல்ல ஊத்தணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. துக்கத்துல மறந்துட்டேன். மீதிப் பாதி உங்களது.” இரண்டு கையாலும் குடுவையை நீட்டினாள்.

ரொக்காயா வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரங்க என்றுதானே சொன்னாள்? நெஞ்சு ஒரு நொடி லேசானது. அடுத்த நொடியே பாதி என்ற சொல் வந்து குறுக்கே நின்றது. பாதி எனக்கு, மீதி உனக்கு என்று கணக்குப் பேசுகிறாளா? இல்லை, பால்தானா? குடுவை கையில் கனத்தது.

இங்கே ஊற்ற முடியாது. மனுஷியிடம் பொய் சொல்லலாம், தண்ணீருக்குள் இருப்பவளிடம் சொல்ல முடியாது. அடுத்த வீட்டுத் துறையில் ஊற்றிய பாலுக்கு அவள் என்ன கேட்பாள் என்பது இந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஊற்றாமல் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகவும் முடியாது. ரொக்காயா படியேறினாள். மசம்பாவைக் கடந்தாள். வந்த வழியே திரும்பி, சந்தின் வாயைத் தாண்டி, தன் துறைப் பக்கமாக நடந்தாள். பின்னால் வெறும் பாதங்கள் வருகின்றனவா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

“வழி தெரிஞ்சுதா ஜோப்பு?” என்று மசம்பா மெதுவாகக் கேட்டான். அந்தக் குரலில் ஏச்சு இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தன் துறையின் கடைசிப் படியில் வந்து நின்றாள். சுவரில் பதிந்த வளையம் செம்மண் நிறத்தில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. மேலே படியில் வெறும் பாதங்கள் வந்து நின்றன. கடல் ஏறுகிற நேரம். ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டல் பக்கமிருந்து, சுவரை ஒட்டி, ஒரு வெள்ளைத் திட்டு கலையாமல் மிதந்து வந்து வளையத்துக்கு அடியில் சுற்றிச் சுற்றி நின்றது. ரொக்காயா இன்னும் குடுவையைச் சாய்க்கவில்லை.