கட்டைவிரல் வெடிப்பு

பால்பண்ணைக்காரரின் ஏழு பசுக்களில் மூன்றுக்கு மடி வீங்கிவிட்டது. மச்சினன் கறக்கிற லட்சணம்தான் காரணம் என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாட்டு டாக்டர் பாலோடு சேர்த்து, கறப்பவர்களின் கைகளையும் பஞ்சால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. மடியில் இருந்த அதே கிருமி பண்ணைக்காரரின் கட்டைவிரல் வெடிப்பில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"மாட்டுக்கு ஊசி போட்டாச்சு. இவரை என்ன பண்றது?" என்று கேட்டாள் மனைவி.

"விரல் ஆறுற வரைக்கும் மடிப்பக்கமே விடாதீங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் மச்சினன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கறக்க உட்கார்ந்தான். உதைதான் கிடைத்தது. பண்ணைக்காரரின் குரல் கேட்காமல் ஒரு மாடும் பாலை இறக்குவதாயில்லை.

அவருடைய கை சும்மா இருக்காது என்பது மனைவிக்குத் தெரியும். துண்டால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, மாட்டின் முகத்துக்கு நேரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "இப்பப் பேசுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "கண்ணு, என் மச்சினன் நல்லவன்தான். கொஞ்சம் விட்டுக்குடு."

வாளியில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது. மச்சினன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அதை இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாமா. அடுத்த மாட்டுக்கும் கேக்கட்டும்."