ஹார்லன் வாசித்த ஏழாம் அத்தியாயம்

மொன்பார்னாஸ் பேட்டையில் அந்த வருஷம் யாரைப் பார்த்தாலும் நினைவுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பத்து வருஷம் பாரிசின் காப்பிக் கடைகளில் உட்கார்ந்ததைத் தவிர பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனாலும் எழுதினார்கள். அச்சுக்குப் போகுமுன் மிஸ் பாக்ஸ்டரின் ஆங்கிலப் புத்தகக் கடையில் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசிப்பது வழக்கம். கேட்க வருகிறவர்கள் இலக்கியத்துக்காக வருவதில்லை. தான் அதில் இருக்கிறோமா என்று பார்க்கத்தான் வருவார்கள்.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த எல்ஸ்பெத்துக்கோ தான் அதில் இருந்துவிடக் கூடாதே என்று கவலை.

அவளுடைய எட்டு வயது மகள் ஷீனா சொந்த ஊரான அபர்டீனில் தகப்பனிடம் இருந்தாள். புருஷனைப் பிரிந்து வந்தபோது பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. பல வருஷம் கெஞ்சிய பிறகு இப்போதுதான் அவன் கொஞ்சம் இறங்கி வந்திருந்தான். "எங்கக்கா வந்து பாக்கட்டும். நீ ஒழுங்கா இருக்கேன்னு அவ சொன்னா புள்ளைய அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தான். அந்த அக்கா ஆக்னஸ் வந்து இறங்கியாயிற்று. அலமாரி, அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். என்ன நினைக்கிறாள் என்று மட்டும் முகத்தில் தெரியவில்லை.

அடுத்து வாசிக்க வேண்டியவன் ஹார்லன் ஃபிட்ச். அவன் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயம் டெஸ்மண்ட் ரோர்க்கைப் பற்றியது. ஐரிஷ் கவிஞன், நெஞ்சு நோயில் செத்துப்போனவன். கடைசிக் குளிர்காலத்தில் யார் கண்ணிலும் படாமல் ஊருக்கு வெளியே மலாகோஃபில் ஒரு அறையில் கிடந்தான். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் எல்ஸ்பெத். நர்சாக அல்ல, மனைவி மாதிரி. அது ஹார்லனுக்கு மட்டும்தான் தெரியும்.

வாசிப்பு நாளன்று காலையில் எல்ஸ்பெத் அவனைத் தேடிப் போனாள்.

"அந்த அத்தியாயத்த எடுத்துடு ஹார்லன். உன் கால்ல வேணா விழறேன்."

"பேர மாத்திட்டேன்டி. ஹெலன்னு வெச்சிருக்கேன். உன்னப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

"மத்ததெல்லாம்?"

"மத்தத எப்படி மாத்துறது? அதுதானே இலக்கியம்!"

அந்தக் கூட்டத்துக்கே உரிய கிறுக்கு அது. பேரை மாற்றினால் ஆளே மாறிவிட்டதாக நினைப்பார்கள். மூக்கையும் முழியையும் அப்படியே விட்டுவிடுவார்கள், நன்றாக எழுதிய மூக்காயிற்றே! கடைசியில், குதிரைப் பந்தய அத்தியாயத்தைத்தான் வாசிப்பேன் என்று ஹார்லன் சத்தியம் செய்தான். புத்தகம் அச்சாகி வருவதற்குள் ஷீனா வந்து சேர்ந்துவிடுவாள் என்று எல்ஸ்பெத் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆக்னஸும் வாசிப்புக்கு வருவேன் என்று கிளம்பிவிட்டாள். "உன் சிநேகிதங்களையும் பாத்துடறேனே" என்றாள். எப்படி வேண்டாமென்பது?

கடை நிரம்பி வழிந்தது. ஹார்லன் எழுந்து தொண்டையைக் கனைத்ததும் மிஸ் பாக்ஸ்டர் குறுக்கே விழுந்தாள்.

"குதிரையெல்லாம் யாருக்கு வேணும்? டெஸ்மண்டைப் படிங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஹார்லன் எல்ஸ்பெத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கைதட்டல்தான் ஜெயித்தது, பாவி.

படித்தான். மலாகோஃப் அறை வந்தது, ஈர விறகு வந்தது, ஹெலன் வந்தாள். 'ஹெலன் ஓட்ஸ் கஞ்சியில் சர்க்கரை சேர்க்க மாட்டாள். உப்புதான். ஜன்னலோரம் நின்றுகொண்டேதான் குடிப்பாள்.'

ஆக்னஸின் கழுத்து மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. எல்ஸ்பெத் புத்தக அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீனா போச்சு, அவ்வளவுதான், போச்சு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

ஹார்லன் முடித்ததும் முன்வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. பாஸ்டன் சீமாட்டி விவியன் லாட்டிமர் எழுந்து நின்றாள். சொந்தச் செலவில் இரண்டு கவிதைத் தொகுப்புப் போட்டவள். ஊதாத் தலைப்பாகை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"இனிமே எதுக்கு மறைக்கணும்? ஹெலன் நான்தான்."

"நீயா? உனக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாதே!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"காதல் வந்தா எல்லாம் தானா வரும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் விவியன். ஹார்லன் அவசரமாகத் தாள்களை அடுக்கினான்.

ஆக்னஸ் குனிந்து மெல்லக் கேட்டாள். "கஞ்சில உப்புப் போட்டு நின்னுகிட்டே குடிக்கிறது நம்ம ஊர்ப் பழக்கம். இந்தம்மா சொல்றது நெசமா?"

எல்ஸ்பெத் அந்த ஊதாத் தலைப்பாகையைப் பார்த்தாள்.

"நெசந்தான். கஞ்சி வைக்க நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

ஆக்னஸ் பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை. நான் என்னென்னவோ நெனச்சுட்டேன், மனசுல வெச்சுக்காத. லீவு விட்டதும் ஷீனாவ நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

எல்ஸ்பெத்துக்கு அழுகை முட்டியது. சந்தோஷம்தான், வேறென்ன. ஆனால் அதற்குள் கூட்டம் வரிசை கட்டி விவியனின் கையைப் பிடித்து அனுதாபம் சொல்லத் தொடங்கியிருந்தது. டெஸ்மண்டைப் புதைத்த அன்று எல்ஸ்பெத் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியவள். அவளிடம் யாரும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வா, நாமளும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போலாம். அதான் மரியாதை" என்று ஆக்னஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

வரிசை நகர்ந்தது. ஆக்னஸ்தான் முதலில் பேசினாள். "கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"இல்லைங்க. சிரிச்சுப் பேசிட்டிருந்தவரு, அப்படியே என் மடியில தூங்கிப்போயிட்டாரு" என்றாள் விவியன்.

அவன் தூங்கிப்போகவில்லை. விடிய விடிய மூச்சுக்குப் போராடினான். எல்ஸ்பெத்தின் மணிக்கட்டை அவன் பிடித்த பிடியில் நகம் பதிந்து ரத்தம் கட்டி, நீலம் மறைய வெகுநாள் ஆயிற்று.

ஆக்னஸும் விவியனும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். எல்ஸ்பெத் விவியனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"குடுத்துவெச்சவரு" என்றாள்.